நாலு ஆங்கில எழுத்து

1

இந்தக் கதையை நான் வாயைத் திறந்தபடிதான் கேட்டேன். வியப்பினால் என்று நினைக்க வேண்டாம். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பல் கிளினிக்கில் மல்லாந்து படுத்திருந்தேன். என் பல்லில் படிந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்த ஸ்டெபனிதான் கதையைச் சொன்னாள்.

"அங்கிள், நீங்கள் கதை எழுதுற ஆள் எண்டு அம்மா சொன்னவ. வாயை இன்னும் கொஞ்சம் திறவுங்கோ."

ஒன்பது வருடமாக ஒரு வரியும் எழுதவில்லை என்று சொல்லப் பார்த்தேன். எச்சில் உறிஞ்சும் குழாய் விடவில்லை. வேறு எப்படியாவது இந்தக் கதை என்னிடம் வந்திருந்தால், நடுவில் புகுந்து கெடுத்திருப்பேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று ரொறன்ரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஸ்டெபனி தன் கையுறையை"

விட்டுவிட்டேன். எங்கள் ஊர்க் கதைகளில் பாதி பனியோடு தொடங்கும். மீதியில் பனி இரண்டாம் பந்தியில் வரும்.

இரண்டாம் தொடக்கம்: "ஆன்மிக விழிப்பு என்பது மனித வாழ்வில்"

எனக்கே கொட்டாவி வந்தது. (நான் சைவன், அதுவும் தேருக்கு மட்டும் கோவிலுக்குப் போகிறவன். விழிப்பைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு என்ன தகுதி?)

சரி, நேராகவே சொல்கிறேன்.

3

ஸ்டெபனிக்கு முப்பத்திரண்டு வயது. இங்கே பிறந்தவள். கத்தோலிக்கக் கோவிலின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு அவள் வந்தது அம்மா வேரோனிக்காவின் டிரைவராக மட்டுமே. கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. கடவுளோடும் ஏறக்குறைய அதே உறவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, மன்றாட்டு வாசிக்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். வாசகர் பட்டியலுக்குப் பொறுப்பான மாக்கஸ் அங்கிள் ஸ்டெபனியின் கையில் ஒரு தாளைத் திணித்தார். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக அவர் மன்றாட்டுகளை ஆங்கில எழுத்தில் தட்டித் தருவது வழக்கம். எங்கள் ஆட்கள் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது எல் என்ற ஒரே எழுத்தோடு முடித்துவிடுவார்கள். லகரத்துக்கும் அதுதான், ளகரத்துக்கும் அதுதான். அதனால் அந்தத் தாளில் 'வழி' இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்து இருந்தது. வி, ஏ, எல், ஐ.

ஸ்டெபனி ஒலிவாங்கி முன் நின்று தெளிவாக வாசித்தாள்.

"ஆண்டவரே, எங்கள் வலியை எங்களுக்குக் காட்டியருளும்."

ஒவ்வொரு மன்றாட்டுக்கும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று சொல்கிற கோவில் பதில் சொல்ல மறந்தது. யாரோ செருமினார்கள். நடுவாங்கில் ஒரு பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் பதில் வந்தது, வழமையைவிடப் பெரிதாக.

தன் பிழை என்னவென்று அவளுக்கு மாக்கஸ் அங்கிள் சொல்லித்தான் தெரிந்தது. "இனி நீர் வாசிக்க வேண்டாம் பிள்ளை. தமிழ் எழுத்திலை வாசிக்கப் பழகினால் பிறகு பாப்பம்." தட்டியது தான்தான் என்பதை அவர் வசதியாக மறந்துபோனார்.

4

காருக்குள் அம்மாவிடமிருந்தும் ஏச்சு விழும் என்று ஸ்டெபனி காத்திருந்தாள். வேரோனிக்கா சீட் பெல்ட்டைப் போடாமல் இருந்தார்.

"உனக்கொரு அக்கா இருந்தவள்."

"வாட்?"

"ஷரோன். ரெண்டரை வயது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலையிருந்து வள்ளத்திலை வெளிக்கிட்டனாங்கள். அலை அடிச்சு வள்ளம் பிரண்டது. என்ரை கையிலைதான் இருந்தவள்."

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உண்மையாப் போயிடும் எண்டு பயந்தனான். ஒரு பூசை வைக்கேல்லை. பேப்பரிலை ஒரு அறிவித்தல் போடேல்லை. நீ இண்டைக்குக் கேட்டாய். காட்டிப்போட்டார்."

மன்றாட்டுக்குப் பதில் வர வருடக்கணக்கில் ஆகும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இதற்கு அரை மணித்தியாலம் ஆனது. எழுத்துப்பிழையோடு போன விண்ணப்பத்தை ஆண்டவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

ஸ்டெபனி அந்தக் காரில் ஒரு தீர்மானம் எடுத்தாள். அக்காவின் பெயரை அதே ஒலிவாங்கியில் தமிழ் எழுத்தைப் பார்த்து வாசிப்பது. ஆகஸ்டில் மன்னார் ஆட்களின் மடுமாதா திருநாள் வருகிறது. அதற்குள்.

"ஓகே அங்கிள், கொப்பளியுங்கோ," என்றாள். கதை அந்த இடத்தில் நின்றது. அடுத்த பல் துப்புரவு ஆறு மாதம் கழித்து.

5

அந்த ஆறு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு மேசைக்கு முன்னால் குந்தி முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: அவள் தோற்கிறாள், கோவிலை விட்டுப் போகிறாள். (இப்படி முடித்தால் ஆழமான எழுத்தாளன் என்பார்கள். எனக்கு அந்தப் பெயர் வேண்டித்தான் இருந்தது. ஆனால் என் பல்லைச் சுரண்டியபோது அவள் கை காட்டிய பிடிவாதம் தோற்கிற ஆளுடையது அல்ல.)

முடிவு இரண்டு: சபையே எழுந்து கைதட்ட, வேரோனிக்கா ஓடி வந்து மகளை

வேண்டாம். படம் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும்.

எழுதியதெல்லாம் குப்பை. ஆனாலும் காலையில் எழும்பியதும் மேசைக்குப் போகக் கால் துடித்தது. எனக்கு அது போதும், சந்தோஷத்தில் தனியே சிரித்தேன்.

6

ஒக்டோபரில், நான் இருக்கும் பிக்கரிங்கிலிருந்து கிளினிக்குக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய்க் காத்திருந்தேன். பல்லுக்காக அல்ல.

அவள் எழுத்துப் படித்தது தமிழ்க் கடைகளிலாம். ழகரத்தைப் பிடித்தது வாழைப்பழப் பெட்டியில் பெயர் எழுதிச் செருகியிருந்த மட்டையிலிருந்து. ஒரே சொல்லில் இரண்டு ழகரம். பிறகு கடை வாசலில் சும்மா கிடைக்கும் பத்திரிகைகள். வீடு விற்கிற விளம்பரங்களைத் தாண்டினால் மரண அறிவித்தல்கள். ஒரே மாதிரி எழுதுவதால் வாசிக்கச் சுலபம்.

"இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட... அங்கிள், ஒரு வசனத்துக்குள்ளை ஒரு முழு லைஃப்! ஐ வாஸ் க்ரையிங் இன் த பார்க்கிங் லொட்."

ஒரு மாலை அவள் அப்படியொரு வசனத்தைத் தானே எழுதினாள். தமிழில் அவள் எழுதிய முதல் வசனம் அது. திருநாளன்று பூசைக்கு முன் மாக்கஸ் அங்கிளிடம் நீட்டினாள். அவர் வாசித்தார்.

"இது மரண அறிவித்தல் மாதிரியெல்லோ கிடக்கு பிள்ளை?"

"ஓம் அங்கிள். அதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "மைக்குக்குக் கிட்ட நிண்டு வாசியும். பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்கும் கேக்கவேணும்," என்றார்.

7

ஸ்டெபனி ஒலிவாங்கிக்குப் போனாள். கிளினிக்கில் படுத்தபடி, அவள் சொல்லச் சொல்ல மனத்தில் எழுதிக்கொண்டேன்:

"மன்னாரைப் பிறப்பிடமாகவும், கடலை வதிவிடமாகவும் கொண்ட எங்கள் ஷரோனுக்காக மன்றாடுகிறோம்."

முன்வாங்கில் இருந்த வேரோனிக்கா எழுந்து நின்றார். முப்பத்தைந்து வருடம் வாய்க்குள் வைத்திருந்த பெயர் கோவில் முழுக்கக் கேட்டது. கிளினிக் கதிரையில் என் கண்ணீர் காதுக்குள் ஓடியது. ஸ்டெபனி கிளினிக் டிஷ்யூவை நீட்டினாள். எனக்கு வெட்கமாகவே இல்லை.

அதன் பிறகு அவள் தவக்காலத்தில் வாசித்த அதே மன்றாட்டையும் வாசித்திருக்கிறாள். குழாயைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன்.

"இந்த முறை வழியா, வலியா?"

"எனக்கு இப்ப மூண்டு எழுத்தும் தெரியும் அங்கிள். தெரிஞ்சுதான் வாசிச்சனான்," என்று சிரித்தாள். "கதையிலை நீங்கள் என்ன போடப் போறீங்கள்?"

நான் ஒன்றும் போடப் போவதில்லை. தாளை மாக்கஸ் அங்கிள் தட்டியபடியே உங்கள் கையில் தருகிறேன். ஆண்டவரே, எங்கள் வி, ஏ, எல், ஐ. எந்த எழுத்து என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஆனால் சத்தமாக வாசியுங்கள். முன்வாங்கில் வேரோனிக்கா பதில் சொல்ல எழுந்து நிற்கிறார்.