மூன்றே முக்கால் மணி நேரம்

திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட்டுக்கு ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். விமானத்தில் மூன்றே முக்கால் மணி நேரம். ஒன்பது வருடமாக அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் ஜாய்லினுக்கு இது மனப்பாடம். மாமியார் சுந்தரபாய்க்குப் பக்கவாதம் என்று போன் வந்த மறுநாளே சங்கரன்கோவில் வீட்டில் வந்து நின்றவள் அவள்.

ஒரு மாத லீவில்தான் வந்தாள். இப்போது ஆறு மாதம் முடியப் போகிறது. சுந்தரபாய்க்கு வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, குழாயில் கஞ்சி ஊற்றுவது, உடம்பு துடைப்பது எல்லாம் ஜாய்லின்தான். கணவன் ரெஜின் காலையில் செருப்புக்கடைக்குப் போனால் கடை அடைத்துவிட்டுத்தான் வருவான். வீட்டிலேயே நர்ஸ் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு முட்டியது. ஆறு மாதமாக அவள் மெயின் ரோட்டைத் தாண்டிப் போனதில்லை.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் விசா போய்விடும். வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாள். செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்தால் பாஸ்போர்ட்டைக் காணவில்லை.

ரெஜினிடம் கேட்டாள். எங்கேயாவது மாற்றி வைத்திருப்பாய், தேடு என்றான். அரிசி டிரம்மைக்கூடக் கவிழ்த்துத் தேடினாள்.

புதன்கிழமை மத்தியானம் மாமியாரைத் திருப்பும்போது, அவருடைய இடது கை ஜாய்லினின் மணிக்கட்டைப் பிடித்தது. வெகுநேரம் விடவில்லை. பிறகு அதன் விரல் மூலையிலிருந்த தையல் மிஷினைக் காட்டியது. ஜாய்லின் டிராயரை இழுத்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில் பாஸ்போர்ட் கிடந்தது. பேச முடியாத அம்மா பார்த்துக்கொண்டிருப்பார் என்பதை ரெஜின் யோசிக்கவில்லை.

அப்போதே ஒரு காரைப் பிடித்துப் போய்விடலாம். ஆனால் சுந்தரபாய் பாதி திரும்பியபடி கிடந்தார். அவரை ஒழுங்காகப் படுக்கவைத்துவிட்டு, ரெஜினைக் கடையிலிருந்து வரச் சொன்னாள்.

மேஜைமேல் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போயிட்டா அம்மாவத் திருப்பிப் போடக்கூட எனக்குத் தெரியாதுட்டி. பயந்துட்டேன்."

"இங்கனயே இருன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா இருந்திருப்பியா?"

"தெரியல. ஆனா இனிமே இருக்க மாட்டேன். எந்திரிங்க, சொல்லித்தாரேன்."

வியாழக்கிழமை அவன் கடை திறக்கவில்லை. குழாயைப் பிடிக்கும்போது இரண்டு தடவை கஞ்சியைக் கொட்டினான். அவள் திட்டவில்லை, இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அடுத்த தெரு சுப்புத்தாய் பகலில் வந்து பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கார் வந்தபோது அம்மாவைத் திருப்பும் நேரம். ரெஜினால் வாசலுக்கு வர முடியவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்த ஜாய்லினுக்கு, ஜன்னல் வழியே அவன் கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றித் தடுமாறுவது தெரிந்தது. தலையணையை எந்தப் பக்கம் வைப்பது என்று குழம்பினான். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அவள் கை தானாகக் கார்க் கதவுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் முனகல் அடங்கிவிட்டது. எல்லாம் எடுத்தாச்சா என்று டிரைவர் கேட்டார்.

"போலாம் அண்ணாச்சி," என்றாள்.