இரவல் மாப்பிள்ளை

என் கல்யாணத்தன்று காலை ஒன்பதே முக்காலுக்குக் கோயில் வாசலில் வந்து நின்ற வண்டியிலிருந்து எங்கள் ஐயர் இறங்கவில்லை. குடுமியும் பூணூலுமாக, கையில் தர்ப்பைக் கட்டோடு வேறொரு ஐயர் இறங்கினார்.

வெளியூர்க்காரர்களுக்கு விளங்கச் சொல்லிவிடுகிறேன். நாசரேத்துப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து குடியேறிய புராட்டஸ்டண்டுக்காரர்களான நாங்கள் எங்கள் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். ஞானையா ஐயர் என்றால் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வண்டிக்காரர் தொம்மை தருவைகுளத்துக் கத்தோலிக்கர். அவருக்குக் குருவானவர் என்றால் சாமியார், ஐயர் என்றால் பிராமணர். "கல்யாணத்துக்கு ஐயர் வாராரு, பஸ்ஸடியில போயிக் கூட்டிட்டு வா" என்று என் பெரியப்பா செல்வதுரை மொட்டையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியை எரித்து ஓடிய வருஷம். புகைக்குள்ளிருந்து முதலில் இறங்கிய ஐயரைத் தொம்மை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

"ஏலே தொம்ம, யாரலே கூட்டிட்டு வந்திருக்க?" என்று பெரியப்பா கத்தினார்.

"ஐயரத்தான கேட்டிய? இவரு ஐயர் இல்லையா?"

வந்தவர் கோயில் கோபுரத்துச் சிலுவையை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னப்பா இது! அய்யாக்குட்டி நாடார் வீட்டுக் கல்யாணம் இல்லையா?"

அவர் ஏரலிலிருந்து வந்த புரோகிதர். கருப்பட்டி வியாபாரி அய்யாக்குட்டி அண்ணாச்சியின் மகள் முத்துக்கனிக்குத் துறைமுகத்துப் பக்கம் கல்யாணம். எங்கள் கோயிலிலிருந்து மூன்று மைல். பத்தரையோடு முகூர்த்தம் முடிகிறது. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் கடை. நாளைக்கே கப்பல் ஏற வேண்டும். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் பெர்மிட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாப்பிள்ளையின் மாமா வேறு நிச்சயத்தன்றிலிருந்தே எதில் நொட்டை சொல்லலாம் என்று காத்திருக்கிறாராம்.

"நேரம் தப்பித்துன்னா பொண்ணு ராசியில்லாதவள்னு சொல்லி மாப்பிள்ளை வீட்டுக்காரா எழுந்து போயிடுவா. அந்தக் குழந்தைக்கு அப்புறம் கல்யாணமே நடக்காது" என்றார் புரோகிதர். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அப்பம் இவருக்கு வந்த வண்டி நம்ம ஐயர ஏத்திக்கிட்டு அங்கன போயிட்டா?" என்று பெரியப்பா தலையில் கை வைத்தார். "மாடு ஒரு மணி நேரத்துக்கு முன்ன போய்ச் சேராது. நாம என்ன செய்ய முடியும்? அவங்க பாடு. நம்ம ஐயர் அந்த வண்டியிலயே வந்துருவாரு."

அப்போதுதான் ஜெபசீலன் கோட்டைக் கழற்றினார்.

அவர்தான் எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளார்க்கு. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன், அதுவும் மீசையை மட்டும். கோயிலடியில் நின்ற ஒரே சைக்கிள் அவருடையது. டயர் முழுக்க ஒட்டு. அவரைத் தவிர வேறு யார் ஏறினாலும் குப்புறத் தள்ளிவிடும் என்று அவர் தம்பியே சொன்னான்.

"பெரியவரே, ஏறுங்க. கொண்டு விட்டுட்டு நம்ம ஐயரக் கூட்டிட்டு வந்துருதேன்."

"மாப்பிள்ள, கல்யாணத்தன்னைக்குக் கோயில விட்டு இறங்குறதா? நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்று பெரியப்பா குதித்தார்.

புரோகிதரும் தயங்கி நின்றார். "நான் மடியா இருக்கேன் தம்பி..."

"பாத்தியளா! தொடமாட்டேன்னு நிக்கிற மனுசருக்கு எங்க மாப்பிள்ள வண்டியோட்டணுமோ?"

பெரியப்பா சொன்னது எனக்கும் சுள்ளென்றுதான் இருந்தது. ஆனால் ஜெபசீலன் முகம் சுளிக்கவில்லை. "மனுசனுக்கு மனுசன் வழக்கம் வேற, பெரியப்பா. கேரியரப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க சாமி, என் மேல பட வேண்டாம். அங்கன கிணறு இருக்கும், ரெண்டு வாளி ஊத்திக்கிடலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். விடிய மூன்று மணிக்கே எழுப்பி, தலை வாரி, பட்டுச் சேலை சுற்றிப் புழுக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். அயலானை நேசிக்க வேண்டும் என்று ஞாயிறு தவறாமல் கேட்டு வளர்ந்தவள்தான் நான். அந்த அயலான் குடுமி வைத்துக்கொண்டு, அதுவும் என் கல்யாணத்தன்று வந்து நிற்பார் என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று மைலுக்கு அப்பால் இதே புழுக்கத்தில், இதே பட்டுச் சேலையில் ஒருத்தி மணையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. அவள் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

"போயிட்டு வாங்க" என்றேன். என் புருஷனிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பெரியம்மா கிளாடிஸ் என் தொடையில் கிள்ளினாள். "மாப்பிள்ளைய இரவல் குடுத்தவ இந்தத் தூத்துக்குடியிலயே நீ ஒருத்திதான் ஏளா!"

அதற்கப்புறம் நடந்ததைப் பலர் வாயால் பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனி மாசத்து மேல்காற்று முதுகில் அடிக்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு சைக்கிள் பறந்திருக்கிறது. முதல் மைல் வரைக்கும் புரோகிதர் கேரியரைத்தான் பிடித்திருந்தாராம். உப்பளத்துத் திருப்பத்தில் பின் டயர் வெடித்தது. ஜெபசீலன் குதித்திறங்கினார். புரோகிதரும் இறங்கப் போனார். "நீங்க இறங்காதிய சாமி, உங்க நடைக்கு விடிஞ்சிரும்!" என்று சொல்லி, அவரை உட்கார வைத்தபடியே, வெறும் விளிம்பில் கடகடக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடத் தொடங்கினார். குழியில் ஒரு குலுக்கு. புரோகிதர் இரண்டு கையாலும் ஜெபசீலனின் தோளை இறுக்கிப் பிடித்தார். பிடித்தவர் கடைசி வரை விடவில்லை.

அங்கே கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். எங்கள் ஞானையா ஐயர்தான் வாசலில் நாற்காலியைப் போட்டு வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"அண்ணாச்சி, செத்த உக்காருங்க. நான் இங்கன இருக்கேன்னா எனக்கொரு கல்யாணம் அங்கன நிக்கிதுன்னு அர்த்தம். என்னத் தேடியாவது ஆள் வரும். வர்ற ஆளு உங்க ஐயரயும் கூட்டிட்டுத்தான் வரும்."

"வராட்டா?"

"வரும். எங்க பிள்ளைகள எனக்குத் தெரியும்."

பத்து இருபத்தேழுக்குச் சைக்கிள் பந்தலுக்குள் புகுந்தது! கிணற்றடிக்குத் திரும்பிய புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்தார், மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். "ஈஸ்வரன் பார்த்துப்பான்" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்து மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். பத்து இருபத்தொன்பதுக்கு முத்துக்கனி கழுத்தில் தாலி ஏறியது. அய்யாக்குட்டி அண்ணாச்சி ஜெபசீலனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாராம்.

இதெல்லாம் கோயிலில் உட்கார்ந்திருந்த எனக்கு எப்படித் தெரியும்? பதினொன்று அடித்தது. பதினொன்றரை ஆயிற்று. பாடகர்கள் ஞானப்பாட்டுப் புஸ்தகத்தைப் பாதி முடித்துவிட்டார்கள். எங்கே விழுந்தாரோ, யார் மேல் மோதினாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் கோபம், ஒரு தரம் ஜெபம். வந்தால் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

திடீரென்று வாசலில் ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பார்க்கிறேன், ரோட்டில் பூ ஜோடித்த கார் ஒன்று ஊர்ந்து வருகிறது. தானாக வரவில்லை. கரிக் கார் ரயில்வே கேட்டிலேயே படுத்துவிட்டதாம். பத்துப் பேர் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். முன் ஆள் ஜெபசீலன்! இன்னொரு பக்கம் கொழும்பு மாப்பிள்ளை, மாலை கழுத்தில் ஆட. உள்ளே எங்கள் ஐயரும், அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் தாலியோடு ஒரு சின்னப் பெண்ணும்.

அவள் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது, என்னுடையதும்தான்.

"அக்கா, உங்க மாப்பிள்ளையக் கொண்டாந்துட்டோம்" என்றாள். "சட்டதான் கொஞ்சம் கிழிஞ்சிட்டு."

பெரியப்பா அவளையும் அவள் மாப்பிள்ளையையும் ஏற இறங்கப் பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயம். "நின்னுக்கிட்டே இருந்தா எப்படி? உள்ள வாங்க, முன் பெஞ்சில உக்காருங்க" என்றார்.

பீடத்துக்கு முன்னால் நின்றோம். கரியும் புழுதியும் அப்பிய முகத்தோடு அவர், வியர்வையில் ஊறிய பட்டோடு நான். ஐயர் கேட்டார்: "ஜெபசீலன், இந்தக் கிருபாபாயை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ள உனக்குச் சம்மதமா?"

அவர் வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்குகிறது. கண்ணால் கெஞ்சுகிறார். பின்னாலிருந்து பெரியப்பா, "சொல்லுங்க மாப்பிள்ள, மணி பன்னெண்டாவுது!" என்று அவசரப்படுத்தினார்.

இரண்டு மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்தவள் நான். அடுக்கி வைத்த கேள்வியில் ஒன்றுகூட அப்போது வாய்க்கு வரவில்லை. முக்காட்டை விலக்கி, முதல் தடவையாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தேன்.

"மெதுவாச் சொல்லுங்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."