நடக்காத நாள்

“எங்க வச்சீங்க?”

“எதை?”

“எதையா? அறுபது வயசுப் பொம்பளையோட ஷூவைத் தூக்கி ஒளிச்சு வச்சிட்டு எதைன்னு கேக்கறீங்களே, உங்களுக்கே இது—”

“ஒளிக்கல. எடுத்து வச்சிருக்கேன். ஒளிக்கறது வேற, எடுத்து வைக்கறது—”

“திருடனும் அதையேதான் சொல்லுவான்.”

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க? வாரத்துல ரெண்டு நாள்—”

“ரெண்டு நாள்னு சொன்னாங்க. இன்னைக்குன்னு சொன்னாங்களா?”

“நேத்தும் இதையேதான் சொன்ன. முந்தாநாளும் இதையேதான் சொன்ன.”

“நாளைக்கு இருக்கேன். நிஜமா இருக்கேன். இப்பக் குடுங்க.”

“நாளைக்கு விடிஞ்சா அதுக்கும் ஒரு நாளைக்கு வந்து நிக்கும்.”

விடியற்காலை மணி ஐந்தரை. முன்னறையில் தையல் மிஷினுக்கு மேலே தொங்கிய விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தையல்காரர் வெட்டும் மேசையில் முதுகைச் சாய்த்து, மேசைக்கடியில் கிடந்த லைனிங் துணி மூட்டையைத் தன் இரண்டு காலாலும் மறைத்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற நிற்பிலேயே ஷூ எங்கே இருக்கிறது என்பது எழுதி ஒட்டியிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஒரு இழு இழுத்தால் மூட்டையோடு ஷூவும் வந்துவிடும், ஷூவோடு அவரும் வந்துவிடுவார். ஆனாலும் அவள் இழுக்கவில்லை. இடது காலைத் தரையில் முழுக்க ஊன்றாமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

“சரி,” என்றாள். “நான் போய்ப் படுக்கறேன். பாத்துக்குங்க.”

அவ்வளவுதான். சண்டை இன்னும் கால் மணி நேரமாவது ஓடும் என்று நினைத்து, அதற்கு வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த மனிதருக்கு அது பாதியில் நின்றுபோனது என்னவோ போல இருந்தது. உள்ளே கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

டாக்டரம்மாவிடம் போனது போன வாரம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பாதத்தின் நடுவில் ஒரு எலும்பைப் பேனாவால் காட்டி, “இங்க பாருங்க, மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழப் பாக்குது. இப்ப ஓய்வு குடுத்தா தானா சேந்துடும். குடுக்கலைன்னா உடையும். உடைஞ்சா மூணு மாசம் கட்டு,” என்றார். வாரத்தில் ஐந்து நாள் நடக்கலாம், அதுவும் மெதுவாக. இரண்டு நாள் வீட்டில் இருந்தாக வேண்டும். “எந்த ரெண்டு நாள்?” என்று கேட்டாள் அவள். “எதுவா இருந்தா என்னம்மா, சும்மா இருக்கற ஒரு நாளாப் பாத்து விடுங்க.” அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “சும்மா இருக்கற நாள்னு எனக்கு ஒண்ணு இல்லையே டாக்டர்.” டாக்டரம்மா சிரித்துவிட்டார். தையல்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் ஓய்வு நாளை அவள் எடுத்த அழகைக் கேட்டால் சிரிப்பு வரும். காலையில் சமர்த்தாக வீட்டில் இருந்தாள். நல்ல பெண் என்று இவரும் மிஷினில் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்குத் துண்டு காயப்போட மொட்டை மாடிக்குப் போனாள். மூன்று மாடி. கொஞ்ச நேரத்தில் துண்டை எடுத்து வர என்று போனாள். பிறகும் போனாள். மூன்றாம் தடவை ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தபோது இவருக்கு ஏதோ உறைத்தது. துணியோடு பிழைக்கிற மனிதர், எந்தத் துணி எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லுவார். மேலே போகும்போது தோளில் கிடந்த அதே நீலக்கரைத் துண்டுதான் கீழே வரும்போதும் தோளில் கிடந்தது, சொட்டச் சொட்ட ஈரத்தோடு.

“அது இன்னும் காயலையா?”

“வெயில் பத்தல.”

“வெயில் பத்தலையா, உனக்கு நடை பத்தலையா?”

அன்று சாயங்காலம் கால் வீங்கிவிட்டது. கழுத்தில் மாலை மாதிரி எப்போதும் தொங்கும் டேப்பை எடுத்துப் பாதத்தைச் சுற்றி அளந்து பார்த்தார். வலது கால் ஒன்பது அங்குலம். இடது கால் பத்தை எட்டிப் பிடித்திருந்தது. “சட்டை தைக்கப் போறீங்களா என் காலுக்கு?” என்று கேட்டாள். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

அவளைக் குறை சொல்லவும் அவருக்கு மனசு வராது. அவள் எதற்காக நடக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா போய்ச் சேர்ந்தாள். காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு பழையபடி ஆன பிறகு ஒரு நாள் மத்தியானம், “கொஞ்சம் படுக்கறேங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எட்டு மாசம் எழுந்திருக்கவில்லை. எழுந்தாள், குளித்தாள், கொடுத்ததில் இரண்டு வாய் சாப்பிட்டாள். ஆனால் அதற்குப் பெயர் எழுந்திருப்பது இல்லை. திரும்பவும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். மருந்து கொடுத்தார்கள், வேறு மருந்து கொடுத்தார்கள். மகள் வேலை பார்க்கிற ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கி அழுதுவிட்டுப் போனாள். அவளைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று இவர் முன்னறையிலேயே பாய் போட்டுக்கொண்டார். அந்த வருஷம்தான் தையல்காரர் சொன்ன தேதியில் துணி கொடுத்தார் என்று வாடிக்கைக்காரர்கள் இன்றைக்கும் ஆச்சரியமாகச் சொல்லுவார்கள்.

பிறகு ஒரு விடியற்காலை, இவர் கண் விழித்துப் பார்த்தபோது அவள் இவருடைய செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துகொண்டிருந்தாள். எங்கே என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் திரும்பிவிடுவாளோ என்று பயந்து தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். தெருமுனை வரை போய்விட்டு வந்தாள். மறுநாள் அதற்கடுத்த முனை. அன்றிலிருந்து, டாக்டரம்மா சொல்லும் வரை, ஒரு நாள் விட்டதில்லை. மழையில் போனாள், காய்ச்சலில் போனாள், மகளின் கல்யாணத்தன்று எல்லாரும் எழுந்திருக்கும் முன்னால் போய்விட்டு வந்தாள். அந்த எட்டு மாசத்தைப் பற்றி இரண்டு பேரும் இதுவரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழு மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நல்லது, தூங்கட்டும் என்று வந்து ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்பு வைத்தார்.

எட்டரைக்கு வந்தவரை அந்தத் தெருவில் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைப் போலவே காலை நடைக்காரர்; அவள் போகிற வழிக்கு எதிர்வழியில் வருவார். நடையை ரொட்டிக்கடையில் முடிப்பவராதலால் இடுப்பு குறைந்தபாடில்லை. கால்சட்டையை மேசைமேல் போட்டார்.

“ஒரு அங்குலம் விட்டுக் குடு.”

“போன மாசம்தானே விட்டேன்?”

“அது போன மாசத்து இடுப்பு. அது கிடக்கட்டும், எங்க தங்கச்சியைக் காணோம்? அது தாண்டிப் போறதை வச்சுத்தான் ரொட்டிக்கடைக்காரன் ஷட்டரைத் தூக்குவான். இன்னைக்குப் பூட்டின கடை முன்னாடி நின்னுகிட்டிருக்கோம் நாலு பேர்.”

“கால் வலி. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

“படுத்திருக்கா?”

“படுத்திருக்கா.”

விசில் நாக்கைச் சப்புக்கொட்டினார். “பாத்துப்பா. ஒரு நாள் விட்டா உடம்பு ருசி கண்டுக்கும். என் மச்சான் அப்படித்தான் ஒரு நாள் படுத்தான், இன்னைக்கு வரைக்கும் சோபாவை விட்டு எந்திரிக்கல.” தன் வேடிக்கைக்குத் தானே சிரித்து, “வியாழக்கிழமை வரேன்,” என்று போய்விட்டார்.

அவர் போன பிறகு தையல்காரருக்கு மடிப்பு நேராக விழவில்லை. பிரித்தார். மறுபடி வைத்தார். கத்தரியைத் தேடுவதுபோல உள்ளே போனார். கத்தரி சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். முதலில் பார்த்தபோது இந்தப் பக்கம் அல்லவா இருந்தாள்? எப்போது திரும்பினாள்?

ஒன்பதரைக்கு டீ போட்டு எடுத்துப் போனார். “வைங்க,” என்று குரல் வந்தது. முகம் வரவில்லை. பத்து மணிக்கு ஜன்னலைச் சாத்தப் போனார். டீ அப்படியே இருந்தது, மேலே ஆடை கட்டி. பத்தரைக்கு அதே ஜன்னலைத் திறக்கப் போனார். போர்வை மேலேறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தார். இறங்கியது. ஏறியது. போதும் என்று திரும்பி வந்தார்.

மிஷினில் உட்கார்ந்து பெடலில் கால் வைத்தவருக்குக் கால் ஓடவில்லை. நானே அல்லவா படுக்க வைத்தேன்? ஐந்து வருஷத்துக்கு மேலாக எழுந்து எழுந்து அவள் கட்டி வைத்திருந்ததை, ஒரு எலும்புக்காக நானே அல்லவா பிரித்துவிட்டேன்? ஒரு தையலை அவிழ்த்தால் மற்றது தானாக அவிழும் என்று துணி விஷயத்தில் தெரிந்தவனுக்கு இது தெரியாமல் போயிற்றே. ஷூவை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உடைந்தால் மூணு மாசம் கட்டு. கட்டுப் போட்டால் அதுவும் படுக்கைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கட்டில்தான் நடுவில் கிடந்தது. துணியில் இறங்கிய ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

இந்தத் தடவை கையில் எந்தச் சாக்கும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் போய்க் குத்த வைத்து உட்கார்ந்தார். போர்வைக்கு வெளியே இடது பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து டேப்பை உருவி, குளிர்ச்சி படாமல் இருக்க உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டு, பாதத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார். ஒன்பதரைகூட இல்லை. ஒன்பதே கால். வெளிச்சத்துக்காகக் குனிந்து மறுபடி பார்த்தார். ஒன்பதே கால்தான்.

“எவ்வளவு?”

திடுக்கிட்டார். குரலில் தூக்கமே இல்லை.

“வத்தியிருக்கு. முக்கால் அங்குலம்.”

“ம்.”

“தூங்கறேன்னு நினைச்சேன்.”

“இது ஆறாவது தடவை நீங்க வர்றது. இப்படி வந்தா யாரு தூங்குவா?”

டேப்பின் நுனி இன்னும் அவர் விரலில் இருந்தது. பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. அதை விடவும் தெரியவில்லை, பிடித்துக்கொள்ளவும் தெரியவில்லை.

“டீ ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரட்டுமா? இல்ல, வேணும்னா கொஞ்சம்... வாசல்ல நாற்காலி போடறேன், வெளிக்காத்துல—”

“அப்பவும் இப்படித்தான்,” என்றாள் அவள் சுவரைப் பார்த்தபடியே.

எப்போது என்று அவர் கேட்கவில்லை.

“வாசப்படி வரைக்கும் வருவீங்க. மூச்சு வருதான்னு பாப்பீங்க. போயிடுவீங்க. அப்புறம் மிஷின் சத்தம் கேக்கும். நீங்க வர்றப்பல்லாம் நான் முழிச்சுகிட்டுத்தான் இருப்பேன். இந்தத் தடவை உள்ள வருவாரு, இந்தத் தடவை வருவாருன்னு...” போர்வை நுனியை இழுத்துக்கொண்டாள். “எட்டு மாசம்.”

“உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு...”

“தெரியும்.”

கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வெளியே யாரோ தையல்காரரே என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு, மிஷின் ஓடாததைப் பார்த்து ஆள் இல்லை என்று நினைத்தோ என்னவோ, போய்விட்டார்கள். கட்டில் கிறீச்சிட்டது. அவள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவரை ஒட்டிப் போனாள். அவள் படுத்திருந்த இடத்தில் விரிப்பு கசங்கி, ஆள் ஒருவர் படுக்கிற அகலத்துக்கு இடம் விழுந்திருந்தது.

“வாங்க,” என்றாள். “இன்னைக்கு ஒரு நாள் நீங்களும் லீவு விடுங்க.”