இரண்டாவது பொட்டலம்

எங்கள் அப்பா மோகன்குமாருக்கு என் முகத்தைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லத் தைரியம் இல்லை. அதனால் சாமியைச் சொல்ல வைத்தார். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

பிளஸ் டூ முடித்ததும் பி.பி.ஏ. ஃபைனான்ஸ் படிக்கப் போகிறேன் என்றேன். துடியலூர் பக்கம் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பாவுக்கோ நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிக்க வேண்டும். எங்கள் ஊர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர் பிள்ளைகள் எல்லாம் இன்ஜினியரிங்காம்.

"பி.பி.ஏ.ன்னா மார்க்கு வராதவங்க படிக்கறதுன்னு சொல்லுவாங்க கண்ணு."

என் மார்க் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எழுபத்து நான்கு.

உண்மையான காரணம் எனக்குத் தெரியும். போன வருடம் பெரியப்பா காளிச்சாமி ஏற்பாடு செய்து கொடுத்த கடனில் அப்பா ஒரு புது மிஷின் வாங்கினார். வருடத்துக்கு வெறும் ஒன்பது சதவீத வட்டிதான் என்று பெரியப்பா எங்கள் வீட்டில் காபி குடித்தபடி பெருமையடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மாசாமாசம் அசலும் சேத்தித்தானுங்க கட்டறோம். ஆனா வட்டி மட்டும் கடைசி வரைக்கும் முழுத் தொகைக்கும் போடறாங்க. கணக்குப் பாத்தா பதினாறுகிட்ட வருதுங்க பெரியப்பா" என்று தாளில் போட்டுக் காட்டினேன். அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் கணக்கு தப்பு என்று மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. எனக்கு இதுதான் படிப்பு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில், "குலசாமிகிட்டப் பூ கேட்டுப்போடலாம்" என்றார் அப்பா. எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறோ, ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் வெள்ளரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாகத் தாளில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். அதில் ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"இன்னிக்குத்தானுங்கப்பா கடைசி நாளு."

"மத்தியானத்துக்குள்ள வந்தரலாம்."

அம்மாவைப் பார்த்தேன். "சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும் அம்மணி. நான் டீச்சர் டிரெய்னிங் போறதான்னு எங்கப்பாவும் பூ கேட்டாரு. சிவப்பு வந்துது, போகலை" என்றார், சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே. இருபத்திரண்டு வருடமாக இதையே சொல்கிறார்.

கோயில் தாராபுரம் தாண்டி இருக்கிறது. வழக்கமாகப் பூசாரிதான் பூவை மடிப்பார். அவசரம் என்பதால் வீட்டிலேயே மடித்துக்கொண்டு வந்ததாகச் சொல்லி, அப்பா சட்டைப் பையிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். பட்டறை பில் புத்தகத்தில் கிழித்த தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், மரமண்டை. பி.பி.ஏ. படிக்கலாமா என்று கேட்டு, கற்பூரம் காட்டி, என்னையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியே சொல்லிப்போட்டுது. இனி நாம பேச என்ன இருக்குது?" என்றபடி மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைச் சாமி காலடியிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கம். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.

கார் பக்கத்தில் வந்ததும் கேட்டேன். "அந்தப் பொட்டலத்தைக் குடுங்கப்பா."

"அது எதுக்குக் கண்ணு இப்ப?"

அவர் கார்ச் சாவியைத் தேடுகிற மாதிரி திரும்பினார். நானே அவர் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

"ரெண்டுலயும் சிவப்பையே வெச்சு மடிச்சீங்களாப்பா?"

"உன்ற நல்லதுக்குத்தான். வெள்ளை வந்துபோட்டா அப்புறம் நான் மறுத்துப் பேச முடியாதில்ல."

"நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா உங்ககூடச் சண்டை போட்டிருப்பேன். சாமிகூட எப்படிப் போடறது? பதினாறு சதவீதம்னு சொன்னேனே, அதுக்குத்தான இது?"

"எங்கண்ணன் முன்னாடி என்னை முட்டாளாக்கிப்போட்டியே" என்றார். ஒரு வருடமாக அடக்கி வைத்தது அப்போதுதான் வாயில் வந்தது.

"நான் கடன்காரங்க ஏமாத்துறதைச் சொன்னேன். நீங்க என்னையவே ஏமாத்திப்போட்டீங்க."

அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பணம் அவர் கணக்கில்தான் இருக்கிறது; ஓடிபியும் அவர் போனுக்குத்தான் வரும். என்ன கத்தினாலும் அவர் தராமல் நான் கட்ட முடியாது.

அம்மா என் கையிலிருந்த இரண்டு தாள்களையும் வாங்கினார். ஒவ்வொன்றாக விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டுப் பார்த்தார். பிறகு கார் ஜன்னல் பக்கம் போனார்.

"ஏனுங்க, அன்னிக்கு எங்கப்பாவும் பூவை ஊட்லதான் மடிச்சுக் கொண்டாந்தாரு."

அந்தத் தாள்களை அப்பாவின் மடியில் போட்டார்.

"இன்னொரு பொட்டலத்தை நான் பிரிச்சே பாக்கலீங்க."

அவர் குரல் உயரவில்லை. உள்ளே கையை நீட்டி, "கார்டைக் குடுங்க. போனையும் குடுங்க" என்றார். அப்பா இரண்டையும் கொடுத்தார்.

நான் என் போனில் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து கார்டு எண்ணை அடித்தேன். கோபத்தில் இரண்டு முறை தப்பாக விழுந்தது. மூன்றாம் முறை, அம்மா கையிலிருந்த அப்பாவின் போனுக்கு எண் வந்தது. அம்மா அந்த ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, நான் அடிக்கும்வரை நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் டீச்சர் டிக்டேஷன் போடுவதைப் போலச் சொன்னார்.