தம்பிக்குப் பதிலாக நான்

கடலூரில் மனநல மருத்துவர் இல்லாமல் இல்லை. கதிரவனுக்குத்தான் கடலூர் ஆகாது. "அங்க யாராச்சும் பாத்துடுவாங்கக்கா. சிதம்பரம்னா வரேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையை வாங்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

தம்பிக்கு இருபத்தொன்பது வயது. பொறியியல் படித்தவன். எழுத்துத் தேர்வென்றால் முதல் பத்துப் பேரில் இருப்பான். நேர்முகத் தேர்வென்றால் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். இரண்டு வேலை அப்படிப் போயிற்று. மூன்றாவது அழைப்பு 2009 ஆகஸ்டு பதினெட்டாம் தேதிக்கு வந்திருந்தது. இன்னும் இருபத்திரண்டு நாள். இதையும் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

சிதம்பரம் கிளினிக்கில் நடைமுறை எளிது. வரவேற்பில் பெயர், வயது, ஊர் எழுதிக்கொள்வார்கள். எடையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பத்துப் பேர் நடுவில் தன் பெயரைக் கேட்டாலே வியர்க்கிறவனுக்கு வைத்தியம் பார்க்க, பத்துப் பேர் நடுவில் அவன் பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். யார் யோசித்த ஏற்பாடோ!

அது போதாதென்று எதிர் நாற்காலியில் பொன்னுரங்கம் மாமா. திருவந்திபுரத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தெரு.

"அட, எழிலு! யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

கதிரவன் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான்.

"எனக்குத்தான் மாமா. தூக்கம் வரல. நீங்க?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஒருத்தருக்குத் தொணைக்கு வந்தேன்."

அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

"கதிரவன்!" என்று நர்ஸ் கூப்பிட்டார். செய்தித்தாள் நடுங்கியது. "கடலூர் கதிரவன், யாருங்க?" தாள் இன்னும் மேலே ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு நானே எழுந்து உள்ளே போனேன். அம்மாவின் பிரஷருக்கு ஆறு வருடமாக நான்தான் டாக்டரிடம் நிலவரம் சொல்லி மாத்திரை வாங்கி வருகிறேன். அம்மா வீட்டைவிட்டு அசைந்ததில்லை. இதுவும் அப்படியே நடக்கும் என்று நினைத்தேன்.

டாக்டர் ஜெயராணி சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கதிரவன்னு போட்டிருக்கே?"

"தம்பி மேடம். வெளிய இருக்கான். எல்லாம் நானே சொல்லிடுறேன், மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"சரி, சொல்லுங்க. எப்போலேருந்து?"

"பிளஸ் டூவுலேருந்து."

"நாலு பேர் முன்னாடி பேசணும்னா ஒடம்புல மொதல்ல எங்க ஆரம்பிக்குது? நெஞ்சா, வயிறா, கையா?"

தெரியவில்லை.

"அப்போ மனசுல என்ன ஓடுது?"

அதுவும் தெரியவில்லை.

"ஓட்டலுக்குப் போனா யாரு ஆர்டர் பண்றது?"

"நான்."

"பஸ்ஸுல டிக்கெட்டு?"

"நான்தான் மேடம்."

"இப்போ கூப்பிட்டதுக்கும் நீங்கதான் வந்திருக்கீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பின்ன? அவன் நடுங்குறதப் பாத்துட்டுச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

அவர் கோபப்படவில்லை. காகிதத்தில் மேலேறும் கோடு ஒன்றை வரைந்தார். "பயம் ஏறுது. நீங்க எந்திரிச்சு வந்துட்டீங்க, சட்டுனு எறங்கிடுச்சு. அந்த நிம்மதி இருக்கே, அதுதான் அடுத்த தடவ இன்னும் மேல ஏத்தும். விட்டிருந்தா, உச்சியில கொஞ்ச நேரம் நின்னு அதுவாவே எறங்கும். எறங்கும்னு தெரிஞ்சிக்க அவருக்கு வாய்ப்பே கெடைக்கல."

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். அந்த வரைபடத்தில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அடுத்த ஆள அனுப்புங்க. அவரு எப்போ வராரோ வரட்டும்" என்றார்.

வெளியே வந்து, "உன்னத்தான்டா கேக்குறாங்க. நான் வரமாட்டேன்" என்றேன்.

"மாமா இருக்காருக்கா" என்று கிசுகிசுத்தான்.

"இருக்கட்டும்."

அப்போது நர்ஸ் கூப்பிட்டார்: "பொன்னுரங்கம்!"

மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல், வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்து போனார். கதிரவன் தாளை இறக்கி அவர் முதுகையே பார்த்தான். கால் மணி நேரத்தில் அவர் வெளியே வந்ததும், யாரும் கூப்பிடாமலே எழுந்து உள்ளே போய்விட்டான்.

நாற்பது நிமிடம். தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, வாழப் பிடிக்காமல் போனதுண்டா என்றெல்லாம் கேட்டார்களாம். தைராய்டாலும் கை நடுங்குமாம், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை. மாத்திரை வேண்டுமா என்பதை முடிவு வந்தபிறகு பார்க்கலாம். அடுத்த திங்கள் மறுபடி வர வேண்டும். அதுவரை அக்கா அவனுக்காக வாயைத் திறக்கக் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் வந்து நின்றார். கதிரவன் வாயைத் திறந்தான், மூடினான். கூட்டத்தில் அவர் நகர்ந்து போய்விட்டார். கடலூர் ரெண்டு! இரண்டே வார்த்தை! என் நாக்கு நுனியில் துடித்தது. பி.முட்லூர் போயிற்று. புதுச்சத்திரம் போயிற்று. கண்டக்டர் முன்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். தள்ளிப்போட்டதில் இப்போது பஸ்ஸின் முழு நீளத்தையும் நடந்தாக வேண்டும். முன் இருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆலப்பாக்கத்துக்குச் சற்று முன்னால் என் பக்கத்து இருக்கை காலியானது.

"இவ்ளோ நேரம் தூங்கிட்டிருந்தியா?" என்று கண்டக்டர் கத்துவது பின்வரிசை வரை கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதிரவன் சட்டை முதுகில் ஒட்ட, இரண்டு டிக்கெட்டோடு வந்து உட்கார்ந்தான்.

கடலூர் நெருங்கும்போது அவனே சொன்னான்: "தொண்டைலக்கா. மொதல்ல தொண்டைதான் அடைக்குது."