சுரண்டிய வளையம்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் ஸ்டுடியோ. கணவர் சிங்கராயர் தவறிப்போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மரியபுஷ்பம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று கொட்டச்சேடு வரைக்கும் என்னைப் பற்றிப் பேச்சு. பேசட்டும். அழுகை வராததற்கு நான் என்ன செய்ய? காலையில் கடையைத் திறந்தேன், சாயங்காலம் மூடினேன், அவ்வளவுதான்.

அந்த 1992-இல்தான் என் அண்ணன் மகன் தேவசிகாமணி பெங்களூரிலிருந்து வந்தான். அங்கே ஆராய்ச்சி படிக்கிறான். கையில் பெரிய தாள். தாள் முழுக்க முப்பத்தாறு வட்டங்கள்; நடுவில் வெளுப்பு, ஓரத்துக்குப் போகப்போகச் சாம்பல், கடைசியில் கறுப்பு.

"இதைப் பிலிம்ல சின்னதா எடுத்துக் குடுங்க அத்தை. பிலிம் வழியா வெளிச்சம் உட்டா, கண்ணாடி மேல இருக்கற பூச்சு வெளிச்சம் பட்ட அளவுக்குக் கரையும். நடு மேடா நிக்கும், ஓரம் சரிஞ்சு இறங்கும். அந்த மேடுதான் லென்ஸு, முடி தண்டிதான் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலீன்னா, சார் இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. நாலு வருசம் வீணாப் போயிரும். இருக்கறபடியே எடுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா கண்ணு?" என்றேன்.

எடுத்தேன். கழுவிக் காயவைத்து விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தால், நெகட்டிவில் நிறம் மாறி நடு கறுப்பாகவும் ஓரம் வெளுப்பாகவும் இருக்க, ஒவ்வொரு வட்டத்திலும் ஓரத்தை ஒட்டி ஒரு வளையம் மட்டும் திட்டாகக் கறுத்திருந்தது. எங்கள் கடையில் பிலிமில் கறை, மருவைச் சுரண்டி டச்சிங் செய்யாமல் எந்த முகமும் வெளியே போனதில்லை. எஸ்டேட் சனங்கள் அதற்காகவே எங்களிடம் வருவார்கள். கை தானாகக் கத்தியை எடுத்தது. முப்பத்தாறு வளையங்களையும் மெல்லச் சுரண்டிச் சமமாக்கிக் கொடுத்தனுப்பினேன்.

புதன்கிழமை திரும்பி வந்து நின்றான்.

"ஓரமெல்லாம் பள்ளம் உழுந்துருச்சுங்க அத்தை. அந்த வளையத்த ஏதாச்சும் பண்ணுனீங்களா?"

"கறையாட்டத் தெரிஞ்சுது. சுரண்டிட்டேன்."

"கறை இல்லீங்க. அங்க பூச்சு நொம்ப சீக்கிரம் கரையும். அதத் தடுக்கத்தான் நான் அப்படி வெச்சேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அதே தாளை மேசையில் விரித்தான். மறுபடி எடுத்தேன். கத்தியை டிராயரில் வைத்துப் பூட்டி, சாவியை அவனிடமே கொடுத்துவிட்டேன். தாள் இருந்ததால் பிழைத்தான்; வெள்ளிக்கிழமை லென்ஸ் சரியாக வந்துவிட்டதாகப் பிறகு போன் செய்தான்.

அந்தப் புதன்கிழமை பிலிம் காயும்வரை, சுவரில் மாலை போட்டிருந்த என் கணவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க அத்தை, மாமாவுக்குப் புருவத்துல ஒரு தழும்பு இருக்குமே. காணமுங்க?"

"சாவுக்குப் படம் பெருசு பண்ணும்போது சுரண்டிட்டேன்."

"நெகட்டிவ்ல இருக்குமில்லீங்க?"

"நெகட்டிவத்தான் சாமி சுரண்டுனேன். ஊருக்கெல்லாம் படம் எடுத்த மனுசனுக்கு இருந்த படமே அது ஒண்ணுதான்."

அவன் படத்தின் அருகே போனான்.

"எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று கேட்டேன்.

தன் இடது புருவத்தில் விரலை வைத்தான். பிறகு வலதுக்கு மாற்றினான்.

"சரியா ஞாபகமில்லீங்க அத்தை."

இருபத்திரண்டு வருஷம் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் அவர் செத்துப்போனது எனக்கு உறைத்தது.