வால் அறுந்த மீன்

சூடாமணிக்கு எல்லார் மேலும் நம்பிக்கை. அதுதான் அவளுக்கு வியாதி என்று நர்ஸ் ஷைலஜா கேலி செய்வாள். திருவனந்தபுரம் கரமனையில் ஆஷா என்கிற சுகாதாரத் தொண்டர் வேலை பார்க்கும் மற்ற பெண்கள் மலேரியாக்காரனுக்கு மாத்திரை கொடுத்தால் விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்வார்கள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்ப்பார்கள். இரண்டு வாரம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. காய்ச்சல் விட்ட மறுநாளே துப்பிவிடுகிற சமர்த்தர்கள் நிறைய உண்டு. சூடாமணி மட்டும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"முகத்தப் பாத்தாத் தெரியாதா சிஸ்டர்? மனுஷாள நாக்கத் தூக்குன்னா நன்னாவா இருக்கு?" என்பாள்.

மலேரியாவை அடியோடு ஒழித்துவிடுவது என்று அரசு கச்சை கட்டி இறங்கியிருந்த நேரம். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவன் உடம்பில் கிருமி வரத்தான் செய்யும். ஆனால் அதை அடுத்தவனுக்குக் கொண்டுபோகும் கொசு நம் கிணற்றில் பிறக்காமல் பார்த்துக்கொண்டால் நோய் அவனோடு நின்றுவிடும். அக்ரகாரத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. வலை போட்டு மூடினால் வாளி இறங்காது, மருந்து தெளித்தால் ஜலம் நாறும் என்று சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன்.

மடி ஜலம் இறைக்கிற கிணற்றில் மீனா! தெருவே காதைப் பொத்திக்கொண்டது. சூடாமணி வாதாடிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் முதல் மீனைத் தன் வீட்டுக் கிணற்றிலேயே விடுவது என்று தீர்மானித்தாள். கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் அவள் கணவர் பிச்சுமணி, ஆசாரத்தில் நூல் பிசகாதவர், நாலு பேர் பார்க்க அந்த மீனைத் தன் கையாலேயே கிணற்றில் கவிழ்த்தார். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவரே விட்டுவிட்டார் என்றதும் ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தது.

மாதம் ஒருமுறை கிணறுகளைப் பார்ப்பாள். பார்ப்பாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். காய்ச்சல்காரர்களைத் தொட்டு, ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவள் மடிக் கிணற்றடிக்குப் போகலாமா? அவளே போகமாட்டாள். அந்தந்த வீட்டு மாமி ஒரு வாளி ஜலத்தை வாசலுக்குக் கொண்டுவந்து வைப்பாள். உள்ளே ஐந்தாறு மீன் துள்ளும். சூடாமணி திருப்தியாக அடுத்த வீட்டுக்கு நகர்வாள். தன் வீட்டிலும் அதே கதைதான். "நீ ஆஸ்பத்திரி போயிட்டு வந்தவ, கிட்ட வராதே. நான் காட்றேன்" என்று பிச்சுமணி வாளியோடு வருவார்.

ஒருமுறை ஒரு வாளியில் வால் பாதி அறுந்த மீன் ஒன்றைப் பார்த்தாள். அடுத்த வீட்டு வாளியிலும் வால் அறுந்த மீன்.

"உங்காத்து மீனுக்கும் வாலக் காணோமே மாமி?"

"எல்லாம் ஒரே குட்டைலேந்து வந்ததுதானே! குடும்ப வாகு போலருக்கு."

சூடாமணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

தெருக்கோடியில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருந்த ஒடிசாக்காரன் திபாகருக்குக் காய்ச்சல் கண்டு, ரத்தத்தில் மலேரியா என்று தெரிந்ததும் தெரு கொதித்தது. அவனைத் துரத்த வேண்டும் என்று முதலில் குதித்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ராமசுப்ரமணியன். சூடாமணிதான் குறுக்கே நின்றாள்.

"துரத்தினா வேற எங்கயாவது போய்ப் பரப்புவான். இங்க இருந்தா நான் மருந்து குடுப்பேன். நம்ம கெணத்துல எல்லாம் மீன் இருக்கு, கொசு கெடையாது. நான் ஜவாப்தாரி" என்றாள்.

திபாகர் இருந்தான். தினமும் அவள் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினான், கேட்காமலேயே வாயைத் திறந்தும் காட்டினான். அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து அவள் மகள் ஜானவி குளிரில் கிடுகிடுவென்று நடுங்கினாள். கல்லூரியும் வீடும் தவிர எங்கேயும் போகாத பெண். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். மலேரியா.

ஷைலஜா அவளைத் தனியாக அழைத்தாள். "சேச்சி, ஒங்க தெருவுல கெணறு எல்லாத்துலயும் மீன் உண்டும்லா?"

"உண்டு. என் கண்ணால பாத்தேன்."

"பின்ன எப்படி? பக்கத்துல எங்கயோதான் கொசு பெறக்குது."

மகளுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். பிச்சுமணி கோயிலில் இருந்தார். புடவையை எடுத்துப் பையில் வைத்தவள் என்ன நினைத்தாளோ, குளிக்காமல், கால்கூட அலம்பாமல் நேரே கிணற்றடிக்குப் போனாள். வாளியை இறக்கி இழுத்தாள். நெல் உமி மிதக்கிறாற்போல் நீர்மட்டத்தில் படுத்துக் கிடந்தன, கொசுப்புழுக்கள். மீன் இல்லை. மறுபடி இழுத்தாள். மறுபடியும் புழுதான்.

கொல்லைப்புறச் சந்து வழியாக அடுத்த வீட்டுக்கு நடந்தாள். "ஐயோ மாமி, மடி!" என்று குரல் வந்தது. காதில் வாங்காமல் இறைத்தாள். அங்கேயும் புழு. ராமசுப்ரமணியன் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதில் மீன்கள் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தன. வால் அறுந்ததும் இருந்தது.

முழுத் தெருவுக்கும் ஒரே வாளி மீன். அவள் வாசல் வாசலாக வரும்போது அது கொல்லை கொல்லையாக அவளுக்கு ஒரு வீடு முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

யாரோ சொல்லி பிச்சுமணி ஓடிவந்தார். அதற்குள் கொல்லையில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"நம்மாத்துல விட்ட மீனையுமா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கு சாயங்காலமே வலை போட்டு எடுத்துட்டேன். அப்பாவுக்கு சிராத்தம் வந்துது சூடா. மீன் கெடந்த ஜலத்துல எப்படிப் பண்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நோக்கு மனசு நோகப்படாதுன்னுதான். எல்லாருமா சேர்ந்து, உன் வேலைக்கும் கொறச்சல் வராம..."

இத்தனை மாதமும் தன்னை ஒரு குழந்தையாக்கி, தெருவே கூடிப் பொம்மை காட்டியிருக்கிறது. பொம்மையைத் தூக்கிப் பிடித்தவர் கூடவே படுத்து எழுந்திருக்கிறார். கோபத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது.

ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமினார். "போனது போட்டும், சாரமில்லை. ஒடிசாக்காரன்கிட்டேந்து வந்துதுன்னு சொல்லிடு. அது நெஜம்தானே? அவன நாளைக்கே காலி பண்ண வெச்சுடலாம். தெரு பேரு கெடப்படாது, கேட்டோ."

சூடாமணி எல்லார் எதிரிலும் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், எங்க தெருவுல ஒரு கெணத்துலயும் மீன் கெடையாது. எங்காத்துலயும் கெடையாது. ஆளனுப்புங்கோ."

"சேச்சி, நீங்கதானே கண்டேன்னு சொன்னீங்க?"

"வாளியத்தான் கண்டேன்" என்று வைத்துவிட்டாள். பிச்சுமணி பின்னாலேயே வந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. தெருவும் வேண்டாம், புருஷனும் வேண்டாம், ஒன்றும் அறியாத அந்தப் பெண் பிழைத்து எழுந்தால் போதும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனாள்.

ஜானவிக்குக் காய்ச்சல் விட்டு உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, கெணறு பாக்கப் போனியா?"

சூடாமணி அவள் நெற்றியைத் துடைத்தாள்.

"அந்த வால் அறுந்தது இன்னும் இருக்கா?"

துடைத்த கை அப்படியே நின்றது. அந்த மீனைப் பற்றி சூடாமணி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நீ கெணறு பாக்கற சனிக்கிழமைகள்ல அப்பா வாளியக் குடுப்பா. நான் சும்மா அடுத்தாத்துக் கொல்லைல கொண்டு வெப்பேன், அவ்ளோதான். நீ கண்டுபிடிக்கவே மாட்டேன்னு அப்பா சொன்னா" என்றாள் ஜானவி. சொல்லும்போது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

நர்ஸ் மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனாள். சூடாமணி மாத்திரையை மகள் கையில் கொடுத்தாள். ஜானவி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தாள்.

"வாயத் திற" என்றாள் சூடாமணி.

"முழுங்கிட்டேன் அம்மா."

"திற."

ஜானவி திறந்தாள்.

"நாக்கத் தூக்கு."